தையற்காரர் மகன் கண்ட வெப்பக் கணக்கு

அடுப்பில் இரும்புக் கரண்டியை வைத்துவிட்டுச் சற்று மறந்து போனால் என்ன ஆகும்? நெருப்பில் இருக்கும் முனை முதலில் சுடும். கொஞ்ச நேரத்தில் கைப்பிடியும் சுடும். தெரியாமல் தொட்டவர் கையை உதறிக்கொண்டு ஓடுவார்.

இது எல்லாருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால், நெருப்பில் இருக்கும் முனையிலிருந்து கைப்பிடிக்கு வெப்பம் எப்படிப் போகிறது? எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் போகும்? நடுவில் எந்த இடத்தில் எவ்வளவு சூடு இருக்கும்? இதற்கெல்லாம் கணக்குச் சொல்ல முடியுமா?

முடியும் என்று காட்டினார் ஒருவர். அவர் பெயர் ஜோசப் ஃபூரியர். பிரெஞ்சு நாட்டுக்காரர். ஏழைத் தையற்காரர் ஒருவரின் மகன். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர்.

அவர் கண்ட கணக்கை அந்தக் காலத்தின் பெரிய மேதைகள் ஏற்கவில்லை. அவர்களில் சிலர் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்கள். கணக்கு புத்தகமாக வெளிவர 15 ஆண்டுகள் ஆயின. அதுவரை அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

இன்று நாம் கைபேசியில் பேசுகிறோம். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிறோம். இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக இருப்பது அந்தத் தையற்காரர் மகனின் கணக்கே.

மெழுகுவத்தித் துண்டுகள்

பிரான்சில் ஓசேர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1768-ஆம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி ஃபூரியர் பிறந்தார். தந்தை இரண்டு முறை மணந்தவர். இரண்டாவது மனைவிக்குப் பிறந்த 12 பிள்ளைகளில் ஃபூரியர் ஒன்பதாவது பிள்ளை.

வீட்டில் பிள்ளைகள் அதிகம். வருமானம் குறைவு. போதாக்குறைக்கு, சிறுவனுக்குப் பத்து வயது ஆகும்போது தாயும் இல்லை, தந்தையும் இல்லை. அடுத்தடுத்து இருவரும் இறந்துவிட்டார்கள்.

ஆனால் பையன் படு சுட்டி. அதைக் கண்ட ஊர்ப் பெரியவர்கள் அவனுக்காகப் பரிந்து பேசினார்கள். அதனால் அந்த ஊரில் இருந்த ராணுவப் பள்ளியில் அவனுக்கு இடம் கிடைத்தது. பள்ளியை நடத்தியவர்கள் கிறிஸ்தவத் துறவிகள்.

13 வயதில் அவனுக்குக் கணக்கின் மேல் ஆசை பிறந்தது. பகலில் படித்தது போதவில்லை. இரவிலும் படிக்க வேண்டும். விளக்குக்கு எங்கே போவது? எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைப் பகலில் பொறுக்கி வைத்துக்கொள்வானாம். எல்லாரும் தூங்கிய பிறகு அவற்றை ஏற்றி வைத்துப் படிப்பானாம். ஆறு பாகங்கள் கொண்ட பெரிய கணக்குப் புத்தகத்தை 14 வயதிலேயே அவன் படித்து முடித்துவிட்டான்.

பிறப்பு குறுக்கே நின்றது

படிப்பு முடிந்ததும் பீரங்கிப் படையில் அதிகாரியாகச் சேர வேண்டும் என்று ஃபூரியர் விரும்பினார். பீரங்கிப் படைக்குக் கணக்குத் தெரிந்தவர்கள் தேவை. குண்டு எவ்வளவு தூரம் போகும், எங்கே விழும் என்று கணக்கிட வேண்டும் அல்லவா?

ஆனால் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த நாளில் பிரான்சில் மன்னர் ஆட்சி நடந்தது. பெரிய பதவிகள் எல்லாம் பிரபுக்களின் பிள்ளைகளுக்கே. தையற்காரரின் மகன் நியூட்டனைப் போன்ற மேதையாகவே இருந்தாலும் சேர்க்க முடியாது என்று பதில் வந்ததாகச் சொல்வார்கள்.

படைக்குப் போக முடியாதவர் மடத்துக்குப் போனார். 1787-ஆம் ஆண்டு, லுவார் ஆற்றங்கரையில் இருந்த ஒரு துறவி மடத்தில் சேர்ந்தார். அங்கே மற்றவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். துறவி ஆவதா, கணித அறிஞர் ஆவதா என்று அவர் மனம் ஊசலாடியது.

அந்த ஊசலாட்டத்தை நாட்டில் வீசிய புயல் முடித்து வைத்தது. 1789-ஆம் ஆண்டு பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. துறவு உறுதிமொழி எடுக்காமலே ஃபூரியர் மடத்தை விட்டு வெளியேறினார். அந்த ஆண்டின் இறுதியில் பாரிசுக்குப் போய், அறிவியல் கழகத்தில் ஒரு கணிதக் கட்டுரை படித்தார். பிறகு சொந்த ஊருக்குத் திரும்பி, தாம் படித்த பள்ளியிலேயே ஆசிரியர் ஆனார்.

கழுத்துக்கு வந்த கத்தி

பிறப்பைப் பார்த்துத் தாழ்த்தாத ஆட்சி வரப்போகிறது என்று ஃபூரியர் மகிழ்ந்தார். 1793-ஆம் ஆண்டு ஊர்ப் புரட்சிக் குழுவிலும் சேர்ந்தார்.

ஆனால் புரட்சி பயங்கரமாக மாறியது. ரோபஸ்பியர் என்ற தலைவரின் கை ஓங்கியது. சந்தேகப்பட்டவர்களை எல்லாம் பிடித்தார்கள். கில்லட்டின் என்ற தலைவெட்டும் எந்திரம் ஓயாமல் வேலை செய்தது.

ஃபூரியருக்கு இது பிடிக்கவில்லை. வேறு ஓர் ஊருக்குப் போயிருந்தபோது, அங்கே பழி சுமத்தப்பட்ட சிலருக்காகப் பரிந்து பேசினார். அதுவே குற்றம் ஆயிற்று. 1794-ஆம் ஆண்டு அவரையும் கைது செய்தார்கள்.

இனி உயிர் தப்பாது என்றே அவர் நினைத்தார். ஆனால் அந்த நேரத்தில் பாரிசில் ஆட்சி கவிழ்ந்தது. ஜூலை 28-ந் தேதி ரோபஸ்பியரின் தலையே வெட்டப்பட்டது. சிறைக் கதவுகள் திறந்தன. ஃபூரியரும் விடுதலையானார்.

வேடிக்கை இத்துடன் முடியவில்லை. அடுத்த ஆண்டு அவரை மறுபடியும் பிடித்தார்கள். இந்தத் தடவை என்ன குற்றம்? அவர் ரோபஸ்பியரின் ஆள் என்று குற்றம் சாட்டினார்கள்! யாருடைய ஆட்சியில் சிறைப்பட்டாரோ, அவருக்கே வேண்டியவர் என்று சொல்லிச் சிறையில் போட்டார்கள். நல்லவேளையாக, அதிலிருந்தும் விரைவில் தப்பினார்.

மேதைகளின் மாணவர்

இந்த இரண்டு சிறைவாசங்களுக்கும் நடுவில் அவருக்கு ஒரு நல்ல காலம் வந்தது. நாட்டுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்காகப் பாரிசில் ஒரு கல்லூரி 1795-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அங்கே படிக்க ஃபூரியர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அங்கே பாடம் சொன்னவர்கள் யார் தெரியுமா? லக்ராஞ்ச், லாப்லாஸ், மோஞ்ச் ஆகிய மூவர். அந்த நாளில் ஐரோப்பா முழுவதும் போற்றிய கணித மேதைகள். லக்ராஞ்ச்தான் அவர்களில் முதல்வர் என்று ஃபூரியர் கருதினார்.

மாணவர் விரைவில் ஆசிரியர் ஆனார். பாலிடெக்னிக் என்ற புகழ் பெற்ற கல்லூரியில் அவருக்கு வேலை கிடைத்தது. 1797-ஆம் ஆண்டு, லக்ராஞ்ச் வகித்த பேராசிரியர் பதவி ஃபூரியருக்கே வந்தது. அப்போது அவருக்கு வயது 29.

நெப்போலியனுடன் எகிப்துக்கு

1798-ஆம் ஆண்டு நெப்போலியன் எகிப்தின் மீது படையெடுத்தார். அவர் வீரர்களை மட்டும் அழைத்துப் போகவில்லை. 150-க்கு மேற்பட்ட அறிஞர்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டார். அவர்களில் ஃபூரியரும் ஒருவர்.

ஜூலை மாதம் படை எகிப்தில் இறங்கியது. ஆகஸ்ட் 1-ந் தேதி ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சன் பிரெஞ்சுக் கப்பல்களைத் தாக்கி அழித்தார். ஊர் திரும்ப வழி இல்லை. போனவர்கள் எல்லாரும் எகிப்தில் மாட்டிக்கொண்டார்கள்.

அந்த நிலையிலும் கெய்ரோவில் ஓர் அறிவியல் கழகம் அமைந்தது. மோஞ்ச் அதன் தலைவர். நெப்போலியன் துணைத்தலைவர். ஃபூரியர் செயலாளர். பழைய கோவில்கள், கல்லறைகள், கல்வெட்டுகள் ஆகியவற்றை ஆராயும் வேலையில் ஃபூரியர் பெரும் பங்கு கொண்டார்.

1799-ஆம் ஆண்டு நெப்போலியன் இரகசியமாகப் பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். ஃபூரியர் இரண்டு ஆண்டுகள் கழித்தே திரும்பினார்.

எகிப்திலிருந்து வந்த பிறகு அவருக்கு ஒரு விநோதப் பழக்கம் இருந்தது. எப்போதும் குளிருகிறது என்பார். அறையில் கணப்பை மூட்டி வைப்பார். மற்றவர்களுக்கு வேர்த்துக் கொட்டும். அவரோ கனத்த ஆடைகளைப் போர்த்திக்கொண்டு இருப்பார். உடலில் ஏதோ நோய் இருந்திருக்கலாம். வெப்பத்தை ஆராய்ந்தவரே வெப்பத்துக்கு ஏங்கினார்!

கலெக்டர் வேலை

கல்லூரிக்குத் திரும்பி நிம்மதியாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதே ஃபூரியரின் ஆசை. ஆனால் நெப்போலியன் விடவில்லை. 1802-ஆம் ஆண்டு அவரை இசேர் என்ற மாவட்டத்தின் தலைவராக நியமித்தார். அது கலெக்டர் வேலையைப் போன்றது. தலைநகரம் கிரெனோபிள். ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் இருக்கும் ஊர் அது.

விரும்பாத வேலைதான். ஆனாலும் அதை அரைகுறையாகச் செய்யவில்லை.

அந்த மாவட்டத்தில் பூர்குவான் என்ற ஊர்ப்பக்கம் பெரிய சதுப்பு நிலம் இருந்தது. அங்கிருந்து காய்ச்சல் பரவி மக்களை வாட்டியது. தண்ணீரை வடித்துவிட்டால் நோயும் போகும், விளைநிலமும் கிடைக்கும். ஆனால் நிலத்தில் பல சிற்றூர்களுக்கு உரிமை இருந்தது. ஓர் ஊர் ஒப்புக்கொண்டால் இன்னோர் ஊர் மறுத்துவிடும். பல காலமாக வேலை நடக்கவில்லை.

ஃபூரியர் அதிகாரத்தைக் காட்டவில்லை. மக்களிடம் பேசினார். பொறுமையாக விளக்கினார். கடைசியில் எல்லா ஊர்களும் இணங்கின. சதுப்பு நிலம் வடிந்தது. காய்ச்சல் குறைந்தது. கிரெனோபிளிலிருந்து இத்தாலியில் உள்ள துரின் நகருக்கு மலை வழியே சாலை போடும் வேலையையும் அவர் மேற்பார்த்தார்.

எகிப்தைப் பற்றிய பெரிய நூல்வரிசைக்கு முன்னுரை எழுதும் பொறுப்பும் அவருக்கே வந்தது. அப்போது கிரெனோபிளில் ஷாம்போலியோன் என்ற சிறுவன் படித்துக்கொண்டிருந்தான். எகிப்து என்றால் அவனுக்கு உயிர். அவனுக்கும் அவன் அண்ணனுக்கும் ஃபூரியர் ஆதரவு தந்தார். எவராலும் படிக்க முடியாதிருந்த பழைய எகிப்தியச் சித்திர எழுத்தை அந்தச் சிறுவனே பிற்காலத்தில் படித்துக் காட்டினான்!

இரும்பு வளையம்

பகலெல்லாம் மாவட்ட வேலை. அதற்கிடையே கிடைத்த நேரத்தில் ஃபூரியர் தம் சொந்த ஆராய்ச்சியில் இறங்கினார். வெப்பம் ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது என்பதே ஆராய்ச்சி.

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். சரிவு அதிகமானால் வேகமும் அதிகமாகும். வெப்பமும் அப்படியே. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு ஓடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதிகமானால் வேகமாக ஓடும். வித்தியாசம் குறையக் குறைய ஓட்டமும் மெதுவாகும். இந்த எளிய உண்மையை ஃபூரியர் ஒரு சமன்பாடாக எழுதினார்.

வெறும் ஏட்டுக் கணக்கு அவருக்குப் போதவில்லை. ஓர் இரும்பு வளையத்தை எடுத்தார். அதில் அங்கங்கே துளை போட்டு வெப்பமானிகளைச் செருகினார். வளையத்தின் ஒரு பக்கத்தைச் சூடாக்கினார். பிறகு எடுத்து ஆறவிட்டார். ஒவ்வோர் இடத்திலும் எந்த நேரத்தில் எவ்வளவு சூடு என்று குறித்துக்கொண்டார். பிறகு அதைத் தம் கணக்குடன் ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தின.

இந்தக் கணக்கைப் போடுவதற்கு அவர் ஒரு புதிய வழியைக் கண்டார். அதுதான் அவர் பெயரை நிலைக்க வைத்தது.

நாயனமும் தவிலும் சேர்ந்து ஒலிக்கின்றன. இரண்டும் கலந்து ஒரே ஓசையாகத்தான் காதுக்கு வருகின்றன. ஆனாலும், இது நாயனம், இது தவில் என்று நாம் பிரித்து அறிகிறோம் அல்லவா? அதைப்போல, எவ்வளவு சிக்கலான வடிவத்தையும் எளிய அலைகளாகப் பிரிக்கலாம் என்றார் ஃபூரியர். பெரிய அலை ஒன்று, அதைவிடச் சிறியது ஒன்று, அதைவிடச் சிறியது ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போனால், எந்த வடிவத்தையும் உண்டாக்கலாம்.

வளையத்தில் சூடு ஓர் இடத்தில் ஏறியும் ஓர் இடத்தில் இறங்கியும் இருக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தை அலைகளாகப் பிரித்துக்கொண்டால் கணக்கு எளிதாகிவிடும். வளையத்தைச் சுற்றி வரும்போது ஒரே ஒரு மேடு உள்ள அலை மெதுவாகத் தணியும். இரண்டு மேடு உள்ள அலை அதைவிட 4 மடங்கு விரைவாகத் தணியும். மூன்று மேடு உள்ள அலை 9 மடங்கு விரைவாகத் தணியும். சிறு அலைகள் முதலில் மறையும். பெரிய அலை கடைசியில் மறையும். பிறகு வளையம் முழுவதும் சூடு ஒரே சீராகிவிடும்.

ஆசிரியர்களின் மறுப்பு

1807-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி ஃபூரியரின் கட்டுரை பாரிசில் அறிஞர் கழகத்தில் படிக்கப்பட்டது. அதை ஆராய நால்வர் நியமிக்கப்பட்டார்கள். லக்ராஞ்ச், லாப்லாஸ், மோஞ்ச் ஆகிய மூவரும் அதில் இருந்தார்கள். மூவரும் அவருடைய பழைய ஆசிரியர்கள்!

லக்ராஞ்ச் ஒப்புக்கொள்ள மறுத்தார். வளைந்து வளைந்து போகும் அலைகளைக் கூட்டினால் மூலையும் முனையும் உள்ள வடிவம் எப்படி வரும்? வராது என்பது அவர் கட்சி. அதிரும் கம்பியைப் பற்றி இதே போன்ற வாதம் சுமார் 50 ஆண்டுகளுக்கு முன் எழுந்தது. அப்போது இளைஞராக இருந்த லக்ராஞ்ச் அதில் பங்கு கொண்டவர். பழைய கருத்தை அவர் விடவில்லை. லாப்லாசும் அப்போது அவர் பக்கமே நின்றார்.

கட்டுரை அச்சேறவில்லை.

ஃபூரியரின் மனம் எவ்வளவு வருந்தியிருக்கும்! மறுத்தவர்கள் தெரியாதவர்கள் அல்ல. அவர் தெய்வம் போல மதித்தவர்கள். கணக்கோ பொய் அல்ல. வளையத்தில் வைத்த வெப்பமானிகள் அதற்குச் சாட்சி.

ஆனாலும் அவர் ஆசிரியர்களை இகழவில்லை. தம் கொள்கையையும் கைவிடவில்லை. கேட்ட கேள்விகளுக்குக் கடிதம் எழுதி விளக்கம் சொன்னார். கட்டுரையை விரித்து எழுதினார். மறுபடியும் சோதனை செய்தார்.

கழகம் 1811-ஆம் ஆண்டுக்கு ஒரு பரிசுப் போட்டி வைத்தது. திடப்பொருளில் வெப்பம் பரவும் விதமே தலைப்பு. ஃபூரியர் எழுதி அனுப்பினார். பரிசு அவருக்கே கிடைத்தது. ஆனால் பரிசு கொடுத்தவர்கள் கூடவே ஒரு குறையையும் சொன்னார்கள். நிரூபணம் போதிய அளவு உறுதியாக இல்லை என்றார்கள். அப்போதும் கட்டுரையை அச்சிடவில்லை.

அவர்கள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஃபூரியரின் விடை சரியானது. ஆனால் அலைகளைக் கூட்டிக்கொண்டே போனால் விடை எப்போது சரியாக வரும், எப்போது வராது என்பதை அவர் முழுமையாக நிறுவவில்லை. அந்தக் குறையை 1829-ஆம் ஆண்டு டிரிக்லே என்ற ஜெர்மானிய இளைஞர் பெருமளவு நீக்கினார். அவர் பாரிசில் ஃபூரியருடன் பழகியவர்.

இரண்டு அரசர்களுக்கு நடுவில்

1814-ஆம் ஆண்டு நெப்போலியன் தோற்றார். எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டார். பழைய அரச வம்சம் திரும்பி வந்தது. ஃபூரியர் பதவியில் நீடித்தார்.

1815-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நெப்போலியன் தீவிலிருந்து தப்பி வந்துவிட்டார். படை திரட்டிக்கொண்டு பாரிசை நோக்கி நடந்தார். நடுவழியில் இருந்த பெரிய ஊர் எது? கிரெனோபிள்தான்!

ஃபூரியரின் நிலை தர்மசங்கடம் ஆயிற்று. வருகிறவர் தம்மை உயர்த்தியவர். இருக்கிறவரோ தாம் ஊழியம் செய்யும் அரசர். அரசருக்குக் கட்டுப்படுமாறு மக்களுக்கு அவர் அறிவிப்புச் செய்தார். நெப்போலியன் ஊருக்குள் நுழையும் நேரத்தில் லியோன் நகரை நோக்கிப் புறப்பட்டுவிட்டார்.

நெப்போலியனுக்குக் கோபம் வந்தது. ஆனால் நேரில் பார்த்ததும் கோபம் தணிந்தது. லியோன் நகரைத் தலைநகராகக் கொண்ட ரோன் மாவட்டத்துக்கு அவரையே தலைவராக்கினார். அங்கே எதிரிகளைக் கடுமையாக ஒடுக்கும்படி மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது. அதைச் செய்ய ஃபூரியர் இசையவில்லை. சில வாரங்களில் பதவி போயிற்று.

ஜூன் 18-ந் தேதி வாட்டர்லூ போரில் நெப்போலியன் அடியோடு வீழ்ந்தார். ஃபூரியருக்கு இப்போது வேலையும் இல்லை. ஓய்வுச் சம்பளமும் இல்லை. வயது 47. பாரிசுக்கு வந்து திகைத்து நின்றார்.

அந்த நேரத்தில் பழைய மாணவர் ஒருவர் கை கொடுத்தார். பாரிஸ் இருக்கும் மாவட்டத்தின் தலைவராக இருந்த அவர், புள்ளிவிவரத் துறையின் இயக்குநர் வேலையைத் தம் ஆசிரியருக்குக் கொடுத்தார். சோற்றுக்குக் கவலை தீர்ந்தது.

1816-ஆம் ஆண்டு அறிவியல் கழகம் ஃபூரியரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. நெப்போலியனுக்கு வேண்டியவர் என்று சொல்லி அரசர் 18-ஆம் லூயி அதை ஏற்கவில்லை. கழகம் விடவில்லை. அடுத்த ஆண்டு மறுபடியும் அவரையே தேர்ந்தெடுத்தது. இந்தத் தடவை அரசர் இணங்கினார்.

புத்தகம் வந்தது

1822-ஆம் ஆண்டு ஃபூரியரின் வாழ்வில் பொன்னான ஆண்டு. வெப்பத்தைப் பற்றிய அவருடைய பெரிய நூல் அந்த ஆண்டு வெளிவந்தது. முதல் கட்டுரையைக் கொடுத்து 15 ஆண்டுகள் ஓடிவிட்டன. லக்ராஞ்ச் 1813-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். நூலைப் பார்க்க அவர் இல்லை.

அதே ஆண்டு ஃபூரியர் அறிவியல் கழகத்தின் நிரந்தரச் செயலாளர் ஆனார். எந்தக் கழகம் அவருடைய கட்டுரையை அச்சிடாமல் வைத்திருந்ததோ, அந்தக் கழகத்தின் வெளியீடுகள் இப்போது அவர் பொறுப்பில் வந்தன. தம் பழைய பரிசுக் கட்டுரையை அதில் ஓர் எழுத்தும் மாற்றாமல் அச்சிட்டார். எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியதும் அதே 1822-ஆம் ஆண்டில்தான்.

சோபி ஜெர்மேன் என்ற பெண்மணி அப்போது பாரிசில் இருந்தார். சிறந்த கணித மேதை. பெண் என்பதால் அவரைக் கழகக் கூட்டங்களுக்கு விடவில்லை. ஃபூரியர் முயற்சி எடுத்து அவருக்கு அங்கே இடம் வாங்கிக் கொடுத்தார். பிறப்பைக் காரணம் காட்டித் தடுக்கப்பட்டவர் அல்லவா அவர்? அந்த வேதனை அவருக்குத் தெரியும்.

பூமியின் போர்வை

கரண்டிக்கும் வளையத்துக்கும் சொன்ன கணக்கைப் பூமிக்கும் சொல்ல ஃபூரியர் முயன்றார். பூமிக்கு வெப்பம் எங்கிருந்து வருகிறது? சூரியனிடமிருந்து வருகிறது. பிறகு அது எங்கே போகிறது? மறுபடியும் விண்வெளிக்கே போகிறது. அப்படியானால் பூமி ஏன் குளிர்ந்து உறைந்து போகவில்லை?

1824-ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் அவர் ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னார். சூரிய ஒளி காற்றைக் கடந்து எளிதாக உள்ளே வருகிறது. ஆனால் தரையிலிருந்து எழும் வெப்பம் அவ்வளவு எளிதாக வெளியே போவதில்லை. காற்று அதைத் தடுக்கிறது. அதாவது காற்று பூமிக்குப் போர்வை.

அந்தக் கட்டுரையில் இருந்த எல்லாமே சரி என்று சொல்ல முடியாது. விண்வெளியிலிருந்தும் பூமிக்குக் கணிசமான வெப்பம் வருகிறது என்று அவர் நினைத்தார். அது தவறு. ஆனால் போர்வை பற்றிய கருத்து பலித்தது. காற்றில் உள்ள நீராவியும் கரியமில வாயுவும் வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன என்று பின்னால் வந்தவர்கள் சோதனையில் கண்டார்கள். அந்தப் போர்வை இல்லாவிட்டால் பூமி இப்போது இருப்பதைவிடச் சுமார் 33 டிகிரி அதிகமாகக் குளிர்ந்திருக்கும். இன்று கரியமில வாயு பெருகி அந்தப் போர்வையைக் கனமாக்கிவருவதால்தான் பூமி சூடேறுகிறது.

கடைசி நாட்கள்

ஃபூரியர் மணம் செய்துகொள்ளவில்லை. கடைசி ஆண்டுகளில் உடல் நலிந்தது. மூச்சு முட்டியது. 1830-ஆம் ஆண்டு மே மாதம் மாடிப்படியில் விழுந்தார். அதன்பின் நோய் முற்றியது. மே 16-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 62. பாரிசில் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அவர் மரணத்தோடு ஒரு சோகமும் சேர்ந்துகொண்டது. காலுவா என்ற 18 வயது இளைஞன் கணிதத்தில் புதுமையான ஒரு கட்டுரை எழுதிக் கழகத்துக்கு அனுப்பியிருந்தான். செயலாளர் என்ற முறையில் ஃபூரியர் அதைத் தம் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். அவர் இறந்த பிறகு தேடியபோது அந்தக் கட்டுரை அகப்படவே இல்லை. தம் கட்டுரைக்காக 15 ஆண்டுகள் காத்திருந்தவரின் வீட்டிலேயே இன்னொருவரின் கட்டுரை காணாமற்போயிற்று. காலுவா 1832-ஆம் ஆண்டு, 20 வயதில், துப்பாக்கிச் சண்டையில் மாண்டான். உலகம் அவன் பெருமையை மிகவும் பிந்தித்தான் அறிந்தது.

இன்றும் வாழும் கணக்கு

ஃபூரியரின் கணக்கு அவரோடு மறையவில்லை. 1840-ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தில் படித்துவந்த வில்லியம் தாம்சன் என்ற மாணவன் அவர் நூலைப் படித்தான். மனத்தைப் பறிகொடுத்தான். அவனே பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று புகழ் பெற்ற விஞ்ஞானி. கடலின் ஏற்றவற்றத்தைப் பல அலைகளாகப் பிரித்து, முன்கூட்டியே சொல்லும் எந்திரத்தை அவர் செய்தார். அதற்கு ஃபூரியரின் வழியே துணை.

1965-ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர்கள் இருவர், இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் மிக விரைவாகப் போடும் முறையை வெளியிட்டார்கள். அதன்பின் அது எங்கும் பரவியது. கைபேசியில் நம் குரல் அலைகளாகப் பிரிந்து போகிறது. புகைப்படம் சுருங்கி அடுத்த ஊருக்குப் பறக்கிறது. ஆஸ்பத்திரியில் உடம்பைக் கீறாமலே உள்ளே இருப்பதைப் படம் பிடிக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஃபூரியரின் அலைகள் இருக்கின்றன.

பாரிசில் உள்ள ஈபில் கோபுரத்தில் 72 அறிஞர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஃபூரியரின் பெயரும் உண்டு. பீரங்கிப் படையில் சேர்க்கத் தகுதியில்லாத பிறப்பு என்று ஒதுக்கப்பட்டவரின் பெயர் நாட்டின் தலைநகரில் உயரத்தில் நிற்கிறது.

ஓசேரில் அவருக்கு 1849-ஆம் ஆண்டு வெண்கலச் சிலை வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்தச் சிலையை உருக்கிவிட்டார்கள். ஆனால் அதே ஊரில் ஒரு பள்ளிக்கூடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தாய் தந்தை இல்லாத சிறுவன் ஒருவன் மெழுகுவத்தித் துண்டுகளைப் பொறுக்கிய ஊரில், இன்று பிள்ளைகள் அவன் பெயர் கொண்ட பள்ளியில் கணக்குப் படிக்கிறார்கள்.